ஜெபிதா கை வைத்த கறுப்பு வண்டி

ஜெபிதாவுக்குப் பொறாமை வந்தால் வாய் அடைத்துப்போகும், கை வேகமாகிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு அக்காவுக்கு எடுத்த பாவாடை தன்னுடையதைவிட நல்ல நிறமாக அமைந்துவிட்டது என்று தெரிந்ததும், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மூலையில் உட்கார்ந்து தன் பாவாடையின் கீழ்க்கரை முழுக்கப் பூத்தையல் போட்டாள். பண்டிகையன்று வேதக்கோயிலில் எல்லோரும் அவள் பாவாடையைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பொறாமை கெட்டது என்று வேதப்பாட வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை.

சங்கரன்கோவிலில் ஜாஸ்பருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவனுக்குத் திருநெல்வேலி ரோட்டில் ஒரு வாட்டர் வாஷ் கடை இருந்தது. தகரக் கூரை, ஒரு பம்ப், வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரு மேடை, தண்ணீர் அடிக்கப் பெருமாள்சாமி என்று ஒரு ஆள். பெருமாள்சாமி ஜாஸ்பரைவிட இரண்டொரு வயது இளையவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் பேசக்கூடாததைத்தான் பேசுவான். ஜெபிதா கடைப் பக்கம் போனதே இல்லை. அவளுக்குத் தனியாக வேலை இருந்தது. ஒரு விசைத்தறி முதலாளியின் குடோனில், தறியிலிருந்து வரும் சேலைகளை நீள மேஜையில் விரித்துப் போட்டு, நூல் அறுந்த இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடித்து எடுத்து மடித்து வைப்பாள். சேலையை நேராகப் பார்த்தால் குறை தெரியாது. தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் துணியின் மேல் வழுக்கிப் போகும்படி பார்க்க வேண்டும். ஜெபிதா பார்த்து மடித்த சேலைக் கட்டை வேறு யாரும் திரும்பப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஜாஸ்பர் நல்ல மனிதன், ஆனால் பேச்சுக்காரன். திருநெல்வேலியில் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருஷம் படித்தான். அப்பா தவறிப்போனதும் படிப்பு நின்றுவிட்டது. அந்த இரண்டு வருஷத்தை அவன் கண்ணாடிப் பீரோவில் வைத்த சாமான் மாதிரி வைத்திருந்தான். விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவான். அதில் ஒரு சாமானுக்குப் பெயர் அனுராதா. சங்கரன்கோவில்காரி, கோயில் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவரின் மகள். அதே கல்லூரி, அதே பஸ். ஒருநாள் சாயங்காலம் தேவர்குளத்தில் பஸ் பஞ்சராகி நின்றுபோக, மழை பிடித்துக்கொள்ள, டீக்கடை ஓரத்தில் அனுராதா தன் குடையை அவனுக்கும் சேர்த்துப் பிடித்தாளாம். கல்யாணமான புதிதில் ஜெபிதாவிடம் இதைச் சொன்னபோது அது தூறலாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த மழை கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. மகள் ஜெஸ்லின் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்தபோது தேவர்குளத்தில் வெள்ளமே வந்திருந்தது.

ஜெபிதா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "பாக்க எப்படி இருப்பா?"

"அவளா? நல்லாத்தான் இருப்பா" என்றான், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

அந்த 'நல்லாத்தான்' ஜெபிதாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அனுராதா எங்கேயோ வெளியூரில் கல்யாணம் முடிந்து, அரசாங்க வேலையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதோடு சரி. முகம் தெரியாத ஆளாக இருந்ததால் ஜெபிதா தன் இஷ்டத்துக்கு ஒரு முகம் வரைந்துகொண்டாள். அதில் குறை வைக்கவேயில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கோடை முடிகிற சமயத்தில், ஜாஸ்பர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டான். முகம் கழுவினவன் மாதிரி இருந்தான்.

"யாரு வந்தா தெரியுமா கடைக்கு? அனுராதா. நம்ம ஊருக்கே மாத்தலாகி வந்திருக்கா, ஆபீஸரா. வீட்டுக்காரர் சென்னையில. என்னையப் பாத்ததும் கண்டுபிடிச்சிட்டா, நீ ஜாஸ்பர்தானேன்னா."

ஜெபிதா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பொரியலில் வெண்டைக்காய் இருந்த தடமே தெரியவில்லை, அவ்வளவு பொடியாகிவிட்டது.

விஷயம் இதுதான். அனுராதா ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். வீட்டின் சொந்தக்காரர் தினமும் காலையில் செடிகளுக்குப் பைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பார். போர்வெல் தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கும். செடிக்கு அடிப்பதில் பாதி பக்கத்தில் நிற்கும் காரின் மேல் தெறிக்கும். அப்புறம் வெயில். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் வட்டம் வட்டமாகத் தங்கிவிடும். கோடை முழுக்க இப்படியே நடந்திருக்கிறது. வண்டி வெள்ளையாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது கறுப்பு.

"கழுவினா போகாது. பெயிண்டுக்குள்ள கடிச்சிருச்சு. மிஷின் போட்டுத் தேய்ச்சா மேல் பூச்சு போயிரும்" என்றான் ஜாஸ்பர். "கையாலதான் எடுக்கணும், பொறுமையா." பொறுமையா என்ற சொல்லை அவன் இத்தனை ஆசையாகச் சொல்லி ஜெபிதா கேட்டதில்லை.

அடுத்த நாள் ஜாஸ்பர் இஸ்திரி போட்ட சட்டையில் கடைக்குப் போனான். வண்டி கழுவப் போகிற ஆளுக்கு இஸ்திரி எதற்கு? சாயங்காலம் தெருமுனையில் பால் வாங்கும்போது பெருமாள்சாமி எதிர்ப்பட்டான். கடையில் எப்படி இருக்கிறது என்று ஜெபிதா சாதாரணமாகக் கேட்டாள். அந்தக் கறுப்பு வண்டியை அண்ணாச்சி யாரையும் தொடவிட மாட்டேன் என்கிறார், இன்றைக்கு முழுக்க முன்பக்க பானட் மூடி ஒன்றைத்தான் தேய்த்திருக்கிறார், அந்த மேடம் சாயங்காலம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள் என்று அவன் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். டீ யார் வாங்கிக் கொடுத்தது என்று ஜெபிதா கேட்கவில்லை. கேட்காமலே அவன் சொல்லிவிட்டான்.

மறுநாள் மத்தியானம் குடோனில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு ஜெபிதா கடைக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அவன்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். அவளைக் கண்டதும் பெருமாள்சாமி எதற்கோ பயந்து பம்பை அணைத்தான்.

வண்டி கூரைக்கு அடியில் நின்றது. ஜாஸ்பர் அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஈரத் துணியைக் கதவின் மேல் ஒத்தி வைத்திருந்தான். காய்ச்சல்காரன் நெற்றியில் பத்துப் போடுவது மாதிரி. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியை நனைத்து, புள்ளிகளின் மேல் கொஞ்ச நேரம் போட்டு வைக்க வேண்டும். உப்பு இளகும். துணி காய்வதற்குள் எடுத்துத் துடைத்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். போகாத புள்ளியை மெழுகு மாதிரி ஒரு களிமண் கட்டியால் வழுக்கி எடுக்க வேண்டும். அதற்கும் மசியாததைப் பாலிஷ் தொட்டு விரலால் தேய்க்க வேண்டும். அவன் செய்துகொண்டே அவளிடம் சொல்லிக்கொண்டு போனான். அவள் காதில் பாதிதான் விழுந்தது. அவள் தலையைச் சாய்த்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தமாகிவிட்டது என்று அவன் நினைத்திருந்த முன்மூடியில் இன்னும் நாலைந்து வட்டங்கள் நிழலாக நின்றன. சேலையில் எண்ணெய்க் கறை எடுத்த பிற்பாடு தெரியுமே ஒரு மங்கல், அது மாதிரி. அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வண்டி இன்னும் ஒருநாள் நிற்கும்.

அன்று சாயங்காலம் அனுராதா வந்தாள். ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போதே ஜெபிதா அவளைத் தலை முதல் கால் வரை அளந்துகொண்டாள். தான் வரைந்து வைத்திருந்த முகத்தைவிட இந்த முகம் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வயசு கூடுதல். ஆனால் சேலை கட்டின நேர்த்தியில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. சேலையில் குறை கண்டுபிடிப்பதுதான் ஜெபிதாவின் பிழைப்பு. அந்த நேரத்தில் அவளுக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல? அனுராதா நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள், ஜாஸ்பர் அதைவிடக் கூடுதலாகச் சிரித்தான். 'என் வீட்டுக்காரி' என்று ஜெபிதாவைக் காட்டினான். அனுராதா கைகூப்பினாள். ஜெபிதாவும் கைகூப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும், நாளையிலிருந்து தானும் கடைக்கு வரப்போவதாகச் சொன்னாள். குடோனில் வேலை குறைவு என்றாள். அது பொய். ஊர்த் திருவிழாவான ஆடித்தபசுக்கு முந்தின மாதம் குடோனில் நிமிர நேரமிருக்காது.

அவளுடைய எண்ணம் எளிமையானது. அந்த வண்டி சீக்கிரம் முடிந்து கடையை விட்டுப் போக வேண்டும். ஜாஸ்பர் முடிக்கிற வழியாகத் தெரியவில்லை. அப்படியானால் தானே முடித்துவிடுவது. அடுத்த நாள் அவன் சாமான் வாங்க பஜாருக்குப் போனபோது, இடதுபக்கப் பின்கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பொழுது மத்தியானம். வண்டியின் பின்பாதி வெயிலில் நின்றது, தகரம் சுட்டது. ஜாஸ்பர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்திருந்தது, விழாத பாதி இப்போது வேலையைக் காட்டியது. தூசியைக் கழுவாமல், தண்ணீர் கலக்காமல், வினிகரை அப்படியே துணியில் ஊற்றி, இருக்கிற கோபத்தையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தாள். ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே காய்ந்தது. அவள் இன்னும் அழுத்தினாள்.

கையை எடுத்துவிட்டு, பழக்கத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். புள்ளிகள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு மேலே, நாள்பட்ட எவர்சில்வர் தட்டில் இருக்குமே, அதுபோல மெல்லிய கீறல்கள் கதவு முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடின.

ஜாஸ்பர் வந்து பார்த்தான். யார் செய்தது என்று கேட்டான். பெருமாள்சாமி அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

"நான்தான்" என்றாள் ஜெபிதா.

அவன் திட்டவில்லை. கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் பூரா வண்டி இங்கனதான் நிக்கும்" என்றான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்தக் கதவைத் தானே சரிசெய்வதாக அவள் பிடிவாதம் பிடித்தாள். குடோனுக்குப் போவதை நிறுத்திவிட்டுக் காலையில் வெயில் ஏறுமுன் வந்து உட்கார்ந்தாள். முதலில் கழுவினாள். கையை மேலே ஓட்டித் தூசி இல்லை என்று தெரிந்துகொண்டாள். தகரம் குளிர்ந்திருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பாலிஷை மிளகு அளவு தொட்டு, மெத்தென்ற துணியை விரலில் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் எடுத்துக்கொண்டு அது முடிகிறவரை அடுத்ததற்குப் போகாமல் தேய்த்தாள். அழுத்தினால் கீறும், அழுத்தாவிட்டால் போகாது. நடுவில் ஒரு பதம் இருந்தது. அந்தப் பதத்தை அவள் விரல்கள் ஏற்கனவே அறிந்திருந்தன. சேலையில் நூல் பிரியாமல் கறை எடுக்கிற அதே பதம்தான். கதவு முடிந்ததும் அவள் நிற்கவில்லை. ஜாஸ்பர் முடித்துவிட்டதாக நினைத்த முன்மூடிக்கு வந்தாள், அந்த நிழல் வட்டங்களையும் எடுத்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வெள்ளிக்கிழமை இஸ்திரி போடாத சட்டையில் வந்தான்.

சனிக்கிழமை அனுராதா வண்டியை எடுக்க வந்தபோது ஜாஸ்பர் ராஜபாளையம் போயிருந்தான். வண்டி கூரைக்கு வெளியே நின்றது. எதிர்ப்பக்கத்து வேப்பமரம் இலை இலையாகக் கதவில் தெரிந்தது. அனுராதா இரண்டு தடவை சுற்றி வந்தாள்.

"புதுசா வாங்கும்போதுகூட இப்படி இல்லையே அக்கா. யார் செஞ்சது?"

பின்னால் நின்ற பெருமாள்சாமி ஜெபிதாவைக் கைகாட்டினான், அவள் துணிகளை மடித்தாள். இதுவரை காத்திருந்த ஒரு கேள்வி அவளிடம் இருந்தது. அதைச் சாதாரணமாகக் கேட்க வேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்தாள்.

"நீங்களும் இவுகளும் ஒரே காலேஜ்தானே மேடம்?"

அனுராதா கார்க் கதவில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "யாரு?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரர். ஜாஸ்பர்."

"அப்படியா? இவரும் அங்கதான் படிச்சாரா? சொல்லவே இல்லையே. எந்த வருஷம்?"

ஜெபிதா வருஷத்தைச் சொன்னாள். அனுராதா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள், அது முகத்தில் தெரிந்தது. அப்புறம், எவ்வளவோ பேர் படித்தார்கள், முகம் நினைவில்லை, ஊர்க்காரர் என்று நன்றாகப் பேசினார், அதனால் தானும் பேசினேன் என்றாள். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

ஜெபிதாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷ எரிச்சல் ஒரு நிமிஷத்தில் அணைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அவளுக்கு அனுராதாவின் மேல் அதுவரை வராத ஒரு கோபம் வந்தது. நினைவில்லையாமே. அவன் மழையை ஊர் ஊராகப் பெய்யவிட்டுக்கொண்டிருக்கிறான், இவளுக்கு முகமே நினைவில்லையாமே.

"நல்லா யோசிச்சுப் பாருங்க மேடம்" என்றாள். "சங்கரன்கோவில் பஸ்ஸுதான். ஒல்லியா இருப்பாக அப்ப. தேவர்குளத்துல ஒருநா பஸ் பஞ்சராகி நின்னுச்சாம். மழை. நீங்க குடை வச்சிருந்தியளாம்."

"பஸ் நின்னது ஞாபகம் இருக்கு" என்றாள் அனுராதா தயங்கி. "டீக்கடையில நிறையப் பேரு நின்னோம். குடைக்குள்ள யாராவது வந்து நின்னிருப்பாங்க."

யாராவது. ஜெபிதா சாவியைக் கொடுத்தாள். கறுப்பு வண்டி ரோட்டில் ஏறி, வளைவு திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். போய்த் தொலையட்டும் என்று வாரம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்த வண்டி.

ஜாஸ்பர் திரும்பி வந்ததும் வண்டி நின்ற இடத்தைப் பார்த்தான். மேடம் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டான். வண்டி நன்றாக இருக்கிறது என்றார்கள் என்றாள் ஜெபிதா. வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று இன்னொரு தரம் கேட்டான். இல்லை என்றுவிட்டுத் துணி அலசப் போனாள். அவன் வீட்டில் வந்து சொன்ன 'கண்டுபிடிச்சிட்டா' பொய் என்று அவளுக்குத் தெரியும் என்பதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அனுராதா ஜெபிதாவின் கைவேலையைப் பற்றித் தன் ஆபீஸில் போய்ச் சொல்லிவிட்டாள். ஆபீஸிலிருந்து கோர்ட்டுக்குப் போனது, கோர்ட்டிலிருந்து பஜாருக்கு. சங்கரன்கோவிலில் போர் தண்ணீர் எல்லார் வீட்டிலும் உண்டு. புள்ளி விழுந்த வண்டிகள் வரிசையாக வந்தன. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: அந்த அக்கா இருக்காங்களா?

முதலில் ஜாஸ்பர் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. வக்கீல் நெல்லைநாயகம் தன் நீல வண்டியைக் கொண்டுவந்து, ஜாஸ்பர் துணியை எடுத்ததும், "நீங்க உள்பக்கம் பாருங்க, வெளிய அவங்க பாக்கட்டும்" என்றார். ஜாஸ்பர் உள்ளே உட்கார்ந்து மிதியடியைத் தட்டினான். இன்னொருத்தரிடம், இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்று ஜெபிதா காதில் விழும்படி சொன்னான். கோயம்புத்தூரிலிருந்து பாலிஷ் போடும் மிஷின் ஒன்று வரவழைத்தான். அது உறுமிக்கொண்டு அரை மணியில் ஒரு பக்கத்தை முடித்தது. ஆனால் கறுப்பு, நீலம் என்று அடர்ந்த நிறமெல்லாம் ஜெபிதாவின் பக்கம்தான் போய் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாதிரியாரின் மனைவி ஐயரம்மா அவன் முன்னாலேயே ஜெபிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உன் கையைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு என்றார்கள். ஜாஸ்பர் பைபிளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

ஜெபிதாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். கண்ணாடியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். உள்ளதைச் சொல்வதென்றால் அவளுக்கு அது கொஞ்சம் இனித்தது. இத்தனை வருஷம் இந்தப் பக்கம் இருந்து எரிந்தவள், இப்போது அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறாள். மெத்தென்ற நல்ல துணிகள் இரண்டு காணாமல் போய், அவன் மிஷின் பெட்டிக்கு அடியில் கிடைத்தன. அவள் எடுத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவனை இன்னும் கொதிக்க வைக்கும் என்று தெரிந்தேதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு அது வெடித்தது. சாப்பாடு முடிந்து, ஜெஸ்லின் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். சிறு விஷயம்தான். புதன்கிழமை வரும் வண்டிகளில் எதை யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. பேச்சு தடித்தது.

"ரொம்ப ஆடாத" என்றான் ஜாஸ்பர். "மொத மொதல்ல நீ என்ன செஞ்சன்னு மறந்துட்டியோ? அனுராதா வண்டியில கீறல் போட்டவதானே நீ? வேற ஆளா இருந்தா தெருவுல நின்னு கத்தியிருப்பா. எங்க பழைய பழக்கத்துக்காகத்தான் அவ ஒண்ணும் கேக்கல."

வாயடைத்துப்போகிற ஜெபிதாவுக்கு அன்றைக்கு வாய் அடைக்கவில்லை.

"என்ன பழக்கம்? அவுகளுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. நான் கேட்டேன். பேரைச் சொன்னேன், வருசத்தைச் சொன்னேன், குடையைச் சொன்னேன். யாருன்னு கேட்டாக."

ஜாஸ்பர் கோபப்படுவான், இல்லையென்று சாதிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"தெரியும்ட்டி" என்றான். "வண்டியை விட்டு எறங்கின மொத நாளே தெரியும். அவ முகத்துல ஒரு அசைவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு வீட்டுல வந்து அப்படிச் சொன்னிய?"

"நான் அவ பேரைச் சொல்லும்போதெல்லாம் உனக்கு மூஞ்சி மாறும்லா. எனக்காக ஒருத்தி பொறாமைப்படுதாளேன்னு இருக்கும். நான் வேற எதுல பெரிய ஆளு? படிச்சேனா, உத்தியோகம் பாத்தேனா? அது ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப உன்னையக் கேட்டுத்தான் எல்லாவனும் வாரான். அதுவும் போச்சு."

ஜெபிதா சாப்பிட்ட இடத்துத் தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். எத்தனையோ வருஷமாகத் தான் சுமந்தது ஒரு பெண்ணின் மேலுள்ள பொறாமை என்று நினைத்திருந்தாள். அதைத் தின்று ஒரு மனிதன் தெம்பாக இருந்திருக்கிறான். சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. சொன்னதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

"எனக்கு இப்பவும் அவுகளைக் கண்டா பிடிக்கல" என்றாள் கடைசியில்.

"எதுக்கு?"

"உங்களைத் தெரியலன்னுட்டாகள்ல."

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது ஜெஸ்லினையும் கூட்டிக்கொண்டு வந்தான், கையில் ஒரு பொட்டலம் காராச்சேவு இருந்தது.

அதோடு எல்லாம் தேவலோகமாகிவிட்டது என்று சொல்லமுடியாது. நெல்லைநாயகம் வந்தால் ஜாஸ்பருக்கு இன்னும் மூக்குச் சிவக்கும். ஆனால் புதன்கிழமை அவனாகவே மிஷினை ஓரமாக வைத்துவிட்டு, கடையை நடுவில் பிரித்து, வெயில் படாத வடக்குப் பக்கத்தை அவளுக்கு விட்டான். கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு தொட்டி வைத்தான். மழைத் தண்ணீரில் உப்பு இல்லை, கடைசிக் கழுவலுக்கு அதைவிட நல்லது கிடையாது. தொட்டி வைத்தது தன் யோசனை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். அது அவன் யோசனைதான், ஜெபிதாவும் ஆமாம் என்றாள். கடையநல்லூரிலிருந்து முபஷ்ஷிரா என்ற பெண் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவாள். கணவர் துபாயில். அவள் ஜெபிதாவிடம் வண்டியை விட்டுவிட்டு ஜாஸ்பரிடம்தான் பேச்சுக் கொடுப்பாள், எந்த டயர் நல்லது, எந்த ஊரில் பாட்டரி வாங்கலாம் என்று. அவன் தன் கல்லூரிக் கதையை அவளிடம் எடுத்துப் பார்த்தான். அனுராதா இல்லாமல், வெறும் பஸ்ஸும் பஞ்சரும் மட்டும். மழையும் தூறலுக்குத் திரும்பியிருந்தது. ஜெபிதா அந்தப் பக்கம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அவள் கை லேசாக வேகமெடுத்தது, பிறகு அவளே மட்டுப்படுத்திக்கொண்டாள்.

அனுராதா அடுத்த வருஷமே தென்காசிக்கு மாற்றலாகிப் போனாள்.

இந்த ஆடியில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு கடை திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி போட்ட காத்திருக்கும் அறை, வண்டி முழுக்க வெண்ணுரை பொழிகிற மிஷின். திறப்பு விழாவுக்குச் செண்டை மேளம் வைத்தார்கள். ஜாஸ்பரும் ஜெபிதாவும் தங்கள் தகரக் கூரைக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

"லைட்டைப் பாத்தியளா, பகல்லயே எரியுது" என்றாள் ஜெபிதா.

"ஏசி ரூம்ல சோபா வேற" என்றான் ஜாஸ்பர்.

"எந்தத் தண்ணியாம்?"

"போர்தான். நேத்து குழாய் இறக்கினதை நான் பாத்தேன்."

நுரை வழிந்த முதல் வண்டி வெளியே வந்து வெயிலில் நின்றது. கறுப்பு வண்டி. துடைக்க ஆள் வரவில்லை. எல்லோரும் மேளக்காரர்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் சொட்டுகள் மூடியின் மேல் ஒவ்வொன்றாகக் காயத் தொடங்கின. புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. பெருமாள்சாமி பின்னாலிருந்து, போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா அண்ணாச்சி என்று கேட்டான்.

"நீ சோலியைப் பாரு வே" என்றான் ஜாஸ்பர்.

ஜெபிதா உள்ளே போய் வினிகர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.